கண்ணுக்குத் தெரிந்தவரை

எங்கள் ஊரில் நோய் பற்றிய பேச்சு எப்போதும் ஒரு முடிவுச் சொல்லுக்காகக் காத்திருக்கும். "கல்ல ஒடச்சாச்சி", "கட்டிய வெட்டி எடுத்தாச்சி", "தண்ணிய இறக்கியாச்சி". இந்த 'ஆச்சி' விழுந்துவிட்டால் பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வயல் கதைக்குப் போய்விடுவார்கள். நோயாளியும் அன்றோடு நோயாளி இல்லை. வைத்தியசாலையில் தந்த துண்டுகள் அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் போய்விடும். அடுத்த கிளினிக் திகதி அந்தத் துண்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

என் மூத்த காக்காவுக்குப் பெருங்குடலில் இருந்த பொலிப் ஒன்றை எடுத்தபோதும் இதே சொல்தான் ஊருக்குள் வந்தது. "முழுசா எடுத்தாச்சி." அன்று வைத்தியர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டவன். அவர் சொன்னது இன்னும் இரண்டு சொற்கள் கூடிய வாக்கியம். "கண்ணுக்குத் தெரிந்தவரை முழுவதும் எடுத்தாயிற்று." வார்டின் வாசலிலிருந்து எங்கள் ஊர்ச் சந்திக்கு வருவதற்குள் முன்னால் இருந்த அந்த இரண்டு சொற்களும் உதிர்ந்துபோயின. அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

காக்கா வேளாண்மை செய்பவர். ஐம்பத்தாறு வயதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவர். 2022 ஜனவரியில் மலத்தோடு இரத்தம் போனதால் கொலனோஸ்கோபி செய்தார்கள். இரத்தம் மூலத்திலிருந்துதான் வந்தது. ஆனால் குழாயை உள்ளே கொண்டுபோன வைத்தியர், இரத்தத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வலப்பக்கப் பெருங்குடலில் தட்டையாகப் படர்ந்திருந்த ஒரு பொலிப்பைக் கண்டார். அளவு 18 மில்லிமீற்றர் என்று றிப்போர்ட்டில் இருந்தது. காக்காவைப் பொறுத்தவரை அவர் போனது ஒன்றுக்கு, அகப்பட்டது வேறொன்று. அகப்பட்டது ஒருநாளும் நோகவுமில்லை, இரத்தம் கசியவுமில்லை. நோகாத ஒன்றை எடுத்ததே பெரிய விஷயம், எடுத்த இடத்தைத் திரும்பவும் போய்ப் பார்ப்பதென்றால் அது எதற்கு என்பதுதான் அவருடைய கேள்வி.

பொலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி. பெரும்பாலானவை ஒருபோதும் புற்றுநோயாவதில்லை. ஆயினும் பெருங்குடற் புற்றுநோயில் பெரும்பகுதி இப்படியான ஒரு பொலிப்பிலிருந்துதான், பொதுவாகப் பத்து வருடங்களளவு மெதுவாக, உருவாகிறது. பொலிப்பை எடுத்துவிட்டால் வரவிருக்கும் நோயை முளையிலேயே எடுத்ததாகிறது. 1969இல் நியூயோர்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வோல்ஃப் என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் வயிற்றைத் திறக்காமல், கொலனோஸ்கோப் குழாயினூடாகக் கம்பிக் கண்ணி ஒன்றைச் செலுத்திப் பொலிப்பை அறுத்தெடுத்துக் காட்டினார்கள். அதன் பயன் எவ்வளவு என்பது 2012இல் வெளியான நீண்டகால ஆய்வொன்றில் தெரிந்தது. அமெரிக்காவின் தேசியப் பொலிப் ஆய்வில் சேர்ந்து, புற்றுநோயாக மாறக்கூடிய வகைப் பொலிப்புகளை அகற்றிக்கொண்டவர்களிடையே பெருங்குடற் புற்றுநோய் மரணங்கள், பொதுமக்களிடையே எதிர்பார்க்கப்படுவதைவிட 53 சதவீதம் குறைவாக இருந்தன. ஆகவே இந்தச் சிகிச்சையின் மேல் சந்தேகத்தை விதைப்பது என் நோக்கமல்ல. அது உயிர் காக்கிறது. ஆனால் எடுக்கப்பட்டது முழுவதுமாக எடுக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி.

கண்ணி என்ற சொல் எங்களுக்குப் பழக்கமானது. காடைக்கு வைக்கிற சுருக்குக் கண்ணியைப் போலத்தான் இதுவும். மெல்லிய கம்பி வளையம் குழாயின் நுனியில் விரிகிறது, பொலிப்பின் அடியைச் சுற்றி இறுகுகிறது, அறுக்கிறது. தண்டுள்ள பொலிப் என்றால் காளானைக் கிள்ளுவதைப் போல வேலை இலேசு. காக்காவுக்கு இருந்ததைப் போலத் தட்டையாகப் படர்ந்ததென்றால் கண்ணி வழுக்கும். அப்போது ஊசியால் அதன் அடியில் நீல நிறம் கலந்த திரவத்தை ஏற்றி, கொப்புளம்போல உயர்த்திவிட்டு, துண்டு துண்டாக அறுத்தெடுப்பார்கள். குடல் சும்மா இருக்கும் உறுப்பல்ல. சுருங்கும், விரியும், மடிப்புக்குள் ஒளிக்கும். சில பொலிப்புகளின் நிறமும் சுற்றியுள்ள சுவரின் நிறமும் ஒன்றாகவே இருக்கும். எங்கே பொலிப் முடிகிறது, எங்கே நல்ல சுவர் தொடங்குகிறது என்பதை வைத்தியர் ஒரு திரையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். மின்சூட்டால் அறுத்தால் விளிம்பு வெந்து வெளுத்துவிடும். அதன் பிறகு அந்த விளிம்பை வாசிப்பது இன்னும் கடினம்.

என்னிடம் தரம் ஆறில் படித்த பிள்ளை ஒருவர் இன்று வைத்தியராக இருக்கிறார். காக்காவின் றிப்போர்ட்டைக் காட்டியபோது அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிரதியெடுத்துத் தந்தார். "சேர், இத வாசிச்சிப் பாருங்க, உங்களுக்கு விளங்கும்" என்றார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இரவுகளில் வாசித்தேன்.

அது 'கெயர்' ஆய்வு என அறியப்படுவது. ஹைகோ போல் என்ற வைத்தியரும் சகாக்களும் 2013இல் வெளியிட்டது. அமெரிக்காவின் இரண்டு மருத்துவக் கல்வி நிலையங்களில் பதினொரு நிபுணர்கள் பொலிப்புகளை எடுத்தார்கள். 5 முதல் 20 மில்லிமீற்றர்வரை அளவுள்ளவை. ஒவ்வொன்றையும் முழுவதுமாக எடுத்தாயிற்று என்று நிபுணர் தன் கண்ணால் திருப்திப்பட்ட பிறகு, அந்த வெட்டின் விளிம்பிலிருந்து சிறு சதைத் துண்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தார்கள். கண் சொன்னதை நுணுக்குக்காட்டி ஒப்புக்கொள்கிறதா என்பதுதான் சோதனை. புற்றுநோயாக மாறக்கூடிய வகையைச் சேர்ந்த 346 பொலிப்புகளில் 10.1 சதவீதமானவை முழுவதுமாக எடுக்கப்பட்டிருக்கவில்லை.

பத்தில் ஒன்று. ஆனால் ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளியைப் பார்த்து ஒரு பிள்ளையின் நிலையைச் சொல்ல முடியாது என்பது ஆசிரியர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தப் பத்து சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. 10 மில்லிமீற்றருக்குக் குறைந்த பொலிப்புகளில் மீதி இருந்தது 6.8 சதவீதத்தில், அதற்கு மேற்பட்டவற்றில் 17.3 சதவீதத்தில். நுணுக்குக்காட்டியில் தச்சனின் வாள்பல்லைப் போலத் தெரிகிற, தட்டையாகப் படரும் வகையொன்று இருக்கிறது. அந்த வகையில் 31 சதவீதம், வழமையான வகையில் 7.2 சதவீதம். இன்னுமொன்று. அந்த நிபுணர்களிடையேயும் ஒருவரின் கையில் 6.5 சதவீதமாக இருந்தது இன்னொருவரின் கையில் 22.7 சதவீதமாக இருந்தது. எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள், எல்லோரும் நல்ல நிலையத்தில் வேலை செய்பவர்கள், எல்லோரும் தம் வேலை முடிந்ததென்று திருப்திப்பட்டவர்கள்.

காக்காவின் பொலிப் பெரியது, தட்டையானது, வாள்பல் வகையைச் சேர்ந்தது. துண்டு துண்டாக எடுக்கப்பட்டது. நோயியல் நிபுணரின் றிப்போர்ட்டின் கடைசி வரி, விளிம்பு பற்றிக் கூற முடியாதுள்ளது என்றிருந்தது. முதலில் எனக்கு அது தட்டிக்கழிக்கும் வரியாகப் பட்டது. பிறகு விளங்கியது. ஒரு விடைத்தாளை ஆறு துண்டாகக் கிழித்து ஒரு போத்தலில் போட்டுத் தந்தால், ஒவ்வொரு துண்டிலும் என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்கலாம். எந்தக் கிழிசல் தாளின் வெளி ஓரம், எது நடுவில் கிழிந்தது என்று சொல்ல முடியாது. நோயியல் நிபுணரும் அதைத்தான் நேர்மையாக எழுதியிருந்தார். அப்படியானால் முழுவதும் எடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு விடை எங்கே கிடைக்கும்? அந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்தான். பெரிய பொலிப்பைத் துண்டு துண்டாக எடுத்தால் ஏறத்தாழ ஆறு மாதத்தில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திய வழிகாட்டல்கள் சொல்வது இதனால்தான். திரும்ப வரும்போது தடம் தெரிய வேண்டுமென்று அந்த வைத்தியர் பக்கத்தில் கறுப்பு மையால் ஒரு புள்ளியும் குத்தியிருந்தார்.

ஜனவரியோடு ஆறு மாதம் சேர்த்தால் 2022 ஜூலை. அந்த ஜூலையை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. பெற்றோல் கியூவில் மனிதர்கள் இரவுபகலாகக் கிடந்த மாதம். அதற்கு முந்திய வருடம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, பெரும்போகத்தில் காக்காவின் வயல் பாதிகூடத் தரவில்லை. சிறுபோக வெட்டுக்கு மெஷினுக்கு டீசல் கிடைக்குமா என்பதே அவருடைய முழு யோசனையாக இருந்தது. வைத்தியசாலை இருக்கும் நகரத்துக்கு நான்கு மணிநேரப் பயணம். வேன்காரர் கேட்ட கூலியைச் சொன்னால் காக்கா சிரித்துவிடுவார்.

நான் இலக்கங்களோடு போனேன். காக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்: "பத்துக்கு ஒண்டா? அப்ப ஒம்பது நல்லந்தானே தம்பி."

அந்தக் கணக்கில் பிழையில்லை. அவர் அந்த ஒன்பதோடு நிற்கவில்லை என்பதை, அவருடைய பொலிப்பின் அளவையும் வகையையும் வைத்து விளங்கப்படுத்த முயன்றேன். "முழுசா எடுத்தாச்சி எண்டு டொக்டர்தானே சொன்னாரு. இப்ப திரும்பி வா எண்டா, அவருக்கே அவருட வேலையில நம்பிக்கல்லையா?" என்றார். எங்கள் சமூகத்தில் இது சின்னக் கேள்வியல்ல. ஒருவர் செய்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது அவரைச் சந்தேகிப்பது. ஓடு மாற்றிய மேசனிடமோ கணக்கு முடித்த கடைக்காரரிடமோ திரும்பக் கேட்டால் முகம் கறுக்கும். வைத்தியரைப் பற்றியும் அதே மனநிலைதான். நல்ல வைத்தியர் என்றால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாதபடி செய்பவர், திரும்பக் கூப்பிடுகிறவர் ஏதோ குறை வைத்தவர்.

இது ஒரு பெரிய தடையென்று நினைக்கிறேன். கொலனோஸ்கோபி செய்துகொண்ட பின்னரும் சிலருக்கு அடுத்த சில வருடங்களுக்குள் புற்றுநோய் வருகிறது. 2014இல் வெளியான ஆய்வொன்று, பல ஆய்வுகளைச் சேர்ந்த 9,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி, அப்படி வந்த 58 புற்றுநோய்களை ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ பாதி முதல் பரிசோதனையில் கண்ணில் படாமல் விடுபட்டவை. கால்வாசிக்குச் சற்றுக் குறைவானவை புதிதாக முளைத்தவை. 19 சதவீதமானவை, அதாவது ஐந்தில் ஒன்றளவு, அரைகுறையாக எடுக்கப்பட்ட பொலிப்பின் மீதியிலிருந்து வந்திருக்கலாம் என்று அது கணித்தது. விடுபட்டதைத் தேட முழுக் குடலையும் திரும்பத் துழாவ வேண்டும். மீதியைப் பார்க்கப் போக வேண்டிய இடமோ தெரிந்த இடம். மைப்புள்ளி வைத்த இடம்.

காக்காவை அசைத்தது என் இலக்கங்களல்ல. மதினிதான் ஒருநாள் குசினிக்குள் இருந்தபடியே சொன்னார்: "வயலுக்குள்ள கோரையப் புடுங்கிப்போட்டு நீங்க திரும்பிப் பாக்காமலா இரிக்கிய?" காக்கா பதில் சொல்லவில்லை. கோரையின் மேல்புல் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் நிற்கும். எந்தக் கிழங்கு நின்றதென்று பிடுங்குகிற அன்று தெரியாது. சில நாள் கழித்துப் பச்சை தலைகாட்டும்போதுதான் தெரியும். அதைத் திரும்பப் பார்க்கப் போவதில் எந்த வெட்கமும் காக்காவுக்கு இருந்ததில்லை. செப்டெம்பரில், சிறுபோகம் வெட்டி முடிந்த பின், கியூ.ஆர். அட்டையில் கிடைத்த பெற்றோலைச் சேர்த்து வைத்து ஒரு உறவினரின் காரில் போனோம். இரண்டு மாதம் பிந்திவிட்டோம்.

முந்திய நாள் முழுவதும் குடலைக் கழுவும் மருந்து. குடல் சுத்தமில்லாவிட்டால் தட்டையான பொலிப் அழுக்கின் கீழ் மறைந்துவிடும் என்று தாதி இரண்டு தரம் சொல்லியிருந்தார். காக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் வெளியே வாங்கில் இருந்தேன்.

வடுவின் ஓரத்தில் நான்கு மில்லிமீற்றர் அளவில் ஒன்று இருந்தது. எடுத்துவிட்டு விளிம்பைச் சூட்டால் சுட்டார்கள். பின்னர் வந்த றிப்போர்ட், அதே வகைதான், புற்றுநோய் இல்லை என்றது. அந்த நான்கு மில்லிமீற்றரை என்னால் அடிமட்டத்தில் அளந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை.

வைத்தியரிடம் நேராகக் கேட்டேன், இது முதல் தடவையில் நேர்ந்த பிழையா என்று. அவர் கோபிக்கவில்லை. பெரிய தட்டைப் பொலிப்பில் இப்படிச் சிலருக்கு மீதி நிற்கும், அது யாருக்கு என்று அன்றே சொல்லத் தெரிந்தால் அன்றே எடுத்திருப்போம், இரண்டாவது பார்வையும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்றார். "அதனாலதான் உங்களுக்குத் திகதி தந்தேன். நிறையப் பேர் வாறதில்ல" என்றார்.

வெட்டும் முறைகளும் இந்தக் கேள்வியால் மாறி வந்திருக்கின்றன. சிறு பொலிப்புகளை இடுக்கியால் கிள்ளி எடுக்கும் வழக்கத்துக்குப் பதிலாக, மின்சூடு இல்லாத கண்ணியால் சுற்றியுள்ள நல்ல சுவரில் ஒன்றிரண்டு மில்லிமீற்றரையும் சேர்த்து அறுக்கும்படி ஐரோப்பிய வழிகாட்டல் இன்று சொல்கிறது. பெரியவற்றைப் பற்றி அவுஸ்திரேலிய வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. 20 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் உள்ள பொலிப்பை எடுத்த பிறகு, கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், வெட்டின் விளிம்பைச் சுற்றிவரக் கண்ணியின் நுனியால் சுட்டுவிட்டார்கள். அப்படிச் சுட்டவர்களில் முதல் மீள்பரிசோதனையின்போது திரும்ப வளர்ந்திருந்தது 5.2 சதவீதம். சுடாதவர்களில் 21 சதவீதம். கண் போதாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகு செய்த ஒரு சிறு வேலை அது. அந்த ஒப்புதல் வைத்தியர்களின் மதிப்பைக் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மீதி விட்டால் என்னாகும் என்பதையும் கெயர் ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2021இல் வெளியிட்ட முடிவின்படி, அரைகுறையாக எடுக்கப்பட்ட குடற்பகுதிகளில் 52 சதவீதத்தில் பின்னர் பொலிப் காணப்பட்டது. முழுவதுமாக எடுக்கப்பட்ட பகுதிகளில் 23 சதவீதத்தில்.

இப்போது ஊரில் யாருக்காவது பொலிப் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டால் நான் அப்பியாசக் கொப்பித் தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுக்கிறேன். அளவு எவ்வளவு? தண்டுள்ளதா, தட்டையா? ஒரே துண்டாக எடுத்தீர்களா, பல துண்டாகவா? நோயியல் றிப்போர்ட்டில் வகையும் விளிம்பும் பற்றி என்ன இருக்கிறது? திரும்ப எப்போது வர வேண்டும்? இவற்றைக் கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவுமில்லை. வைத்தியரிடம் விடை இருக்கும். கேட்டால் சொல்வார். சிறிய பொலிப்பை ஒரே துண்டாக எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் ஓட வேண்டிய தேவையே இல்லை. அடுத்த பரிசோதனைக்குச் சில வருடங்கள் இருக்கும். அதைத் தெரிந்துகொள்வதும் ஒரு நிம்மதிதான். றிப்போர்ட்டின் பிரதி வீட்டில் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தும் நாம், அதைவிட முக்கியமான இந்தத் தாளைத் தொலைத்துவிடுகிறோம்.

2023 செப்டெம்பரில் காக்கா மூன்றாம் தடவை போனார். இம்முறை நான் சொல்லவில்லை. திகதியை அவரே நினைவில் வைத்திருந்தார். வடு சுத்தமாக இருந்தது. விளிம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டுகளிலும் எதுவும் இல்லை. சந்தியில் ஒருவர் "எப்படி, எல்லாம் முழுசா எடுத்தாச்சா?" என்று கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். "கண்ணுக்குத் தெரிஞ்ச மட்டும் ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் காக்கா. "மூணு வருசத்தால திரும்பி வரச் சொல்லியிரிக்காங்க."